காலிக் கட்டத்துக்கும் ஒரு தட்டு

ஈரோ நாணயம் வந்து மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ, ஜேர்மனியில் ஹம் நகரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. நிறுவனம் என்பது கொஞ்சம் பெரிய சொல். டயர் மாற்றும் கடைக்கு மேலே மூன்று அறைகள், முதலாளியோடு சேர்த்து நாங்கள் நாலு பேர். அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்த கையோடு கிடைத்த வேலை என்பதால் அம்மா அதைப் பூசைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். "மகள் கொம்பியூட்டருக்குள்ளை வேலை செய்யிறா" என்பார். கேட்டவர்கள் நான் ஏதோ ஒரு பெட்டிக்குள் குனிந்தபடி இருப்பதாக நினைத்திருக்கக்கூடும்.

ஆனால் அம்மா சொன்னதில் பாதி உண்மை. எங்கள் நிரல் உண்மையிலேயே இன்னொன்றுக்கு உள்ளே இருந்துதான் வேலை செய்தது. அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்த ஒரே பெரிய வேலை, நகரத்தின் ஓரத்தில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தினுடையது. அங்கே இருப்பவர்களின் விபரமெல்லாம் ஒரு தரவுத்தளத்தில் இருந்தது. அதை வேறு யாரோ செய்து விற்றிருந்தார்கள். அதன் உள்ளே ஒரு மூலையில் எங்கள் சின்ன நிரலை வைக்க மட்டும் எங்களுக்கு இடம் தந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு யாருக்கு எந்தத் தட்டு என்று முடிவு செய்வது அதன் வேலை.

அந்த இல்லத்துச் சமையலறையில்தான் அம்மா நாலு வருடமாக வேலை செய்தார். இந்த வேலை எங்களுக்குத் தன்னால்தான் கிடைத்தது என்று அவர் கடைசிவரை நம்பினார். எங்கள் முதலாளிக்கு அப்படி ஒருவர் அங்கே இருப்பதே தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் உனக்கு விளங்காது" என்று முடித்துவிட்டார்.

அம்மாவின் வேலை இரண்டு பங்கு. மத்தியானத்துக்குப் பிறகு தட்டுக் கழுவும் இயந்திரம். காலையில் துண்டு பிரிப்பது. அங்கே இருந்த எழுபது பேருக்கும் முதல் நாள் ஒரு கடதாசித் துண்டு கொடுப்பார்கள். அதில் மூன்று கட்டங்கள்: இறைச்சிச் சாப்பாடு, மரக்கறிச் சாப்பாடு, வயிற்றுக்கு இலேசானது. வேண்டியதில் அடையாளம் போட வேண்டும். மறுநாள் காலையில் அம்மா அந்தத் துண்டுகளை மூன்று கட்டாகப் பிரித்து, எண்ணி, சமையற்காரரிடம் கொடுப்பார். எங்கள் நிரல் வந்தால் அந்தத் துண்டுகளைப் பராமரிப்பாளர்கள் மாடியிலேயே கணினியில் ஏற்றிவிடுவார்கள். பிரிப்பதற்கு ஒன்றும் இராது.

அம்மாவின் ஒப்பந்தம் வருட முடிவு வரைக்கும்தான். துண்டு வேலை போனால் எல்லோரையும் வைத்திருக்க ஏலாது, யார் நிற்பது என்று மார்கழியில் பார்ப்போம் என்று சமையலறைப் பொறுப்பாளர் சொல்லியிருந்தார். ஆக, அம்மாவின் வேலையைப் பிடுங்கப்போகிற நிரலை எழுதத்தான் எனக்குச் சம்பளம். ஒருநாள் இதை அம்மாவிடம் வாய்விட்டே சொன்னேன், எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ செய்யாட்டி வேறை ஆரும் செய்வினம்" என்றார் அம்மா. "செய்யிறதை வடிவாச் செய். பேந்து என்ரை மானத்தை வாங்காதை."

நான் வடிவாகத்தான் செய்தேன். எங்கள் நிரலுக்கும் அந்தத் தரவுத்தளத்துக்கும் இடையில் நடக்கிற பேச்சு மிகச் சிறியது. சமையலறையையும் சாப்பாட்டு மண்டபத்தையும் பிரிக்கிற சுவரில் ஒரு சின்ன யன்னல் இருக்குமே, அதைப்போல. அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் மூன்று தகவல் வரும்: அறை இலக்கம், மருத்துவர் சொன்ன பத்தியம், அவர் அடையாளம் போட்ட கட்டம். இந்தப் பக்கத்திலிருந்து ஒரேயொரு எண் திரும்பிப் போக வேண்டும், எந்தத் தட்டு என்று. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது.

ஒவ்வொரு தகவலுடனும் ஒரு குறியும் சேர்ந்து வரும். உள்ளே ஏதாவது இருக்கிறதா, இல்லை ஒன்றுமே இல்லையா என்று சொல்கிற குறி. ஒன்றுமே இல்லை என்பது பூச்சியம் அல்ல. பூச்சியம் என்றால் யாரோ யோசித்துப் பூச்சியம் என்று எழுதியிருக்கிறார். ஒன்றுமே இல்லை என்றால் அங்கே யாரும் எதுவும் எழுதவில்லை. நிரல் எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தலையிடி தருகிற இடம் இதுதான்.

என்னோடு இருந்து அந்த நிரலை எழுதியவர் ஒரு டொச்சுக்காரர் (ஜேர்மனியரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), என்னைவிடப் பதினைந்து வயது கூட. சைக்கிளில் வருவார், மேசையில் எதையும் ஒரு மில்லிமீற்றர் கோணலாக வைக்க மாட்டார். கட்டம் காலியாக வந்தால் என்ன செய்வது என்ற இடத்தில் 'இல்லத்தாரிடம் கேட்க வேண்டும்' என்று குறிப்பு எழுதிவிட்டு அவர் இரண்டு கிழமை விடுமுறையில் போனார்.

நான் கேட்கவில்லை. கேட்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்கு வருகிற ஒருவர் சாப்பாடு வேண்டும் என்று வாயால் சொல்வாரா? "இல்லை, இப்பத்தான் சாப்பிட்டனான்" என்பார். அம்மா கோப்பையை வைப்பார். "ஐயோ வேண்டாம் அக்கா" என்பார். அம்மா சோற்றைப் போடுவார். "கொஞ்சமாப் போடுங்கோ" என்று மூன்றாவது முறை அவர் சொல்லும்போது குழம்பும் விழுந்திருக்கும். வேண்டாம் என்று சொல்கிறவருக்கே இந்தக் கதி என்றால், ஒன்றும் சொல்லாமல் இருப்பவருக்குப் பசி என்பதில் சந்தேகமே இல்லை. ஒரேயொரு வரி எழுதினேன்: காலி என்றால் முழுத் தட்டு, முதலாவது கட்டம், இறைச்சி. அதை எழுதும்போது கை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

சோதித்தும் பார்த்தேன். முந்திய வருடத்துத் துண்டுகளையெல்லாம் இல்லத்து அலுவலகத்தில் யாரோ தட்டச்சு செய்து ஒரு கோப்பாக அனுப்பியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான வரிகள். அதில் ஒரு காலிக் கட்டம்கூட இல்லை. இந்த நாட்டு மனிதர்கள் கட்டம் கண்டால் நிரப்பாமல் விடமாட்டார்கள், முதியவர்கள் ஆனாலும் ஒழுங்கு ஒழுங்குதான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை நிரல் வேலையைத் தொடங்கியது. பத்தரை மணிக்குச் சமையலறையில் இருந்த அச்சு இயந்திரம் தட்டுக்கு ஒன்றாக எழுபது அட்டைகளைத் துப்பியது. அன்றைக்கு மாட்டிறைச்சிக் குழம்பு, உருளைக்கிழங்கு உருண்டை, சிவப்பு முட்டைக்கோவா. வழக்கத்தைவிட இறைச்சித் தட்டு ஏராளம் என்று சமையற்காரர் முணுமுணுத்தாராம். ஆனாலும் அட்டை சொன்னபடி போட்டு அனுப்பினார்கள்.

இருபத்திரண்டு தட்டுகள் பிழையாகப் போயின. ஆஸ்பத்திரியில் இருந்தவரின் மேசைக்கு ஒரு தட்டு. பேரப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தவருக்கு ஒன்று. திங்கட்கிழமைகளில் மகள் கொண்டுவருகிற சூப்பை மட்டும் குடிக்கிற ஒரு அம்மையாருக்கு ஒன்று, அவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் மகள் செத்துப்போனாள் என்று நினைத்து அழுதாராம். சனிக்கிழமை இறந்துபோன ஒரு பெண்ணின் அறைக்கும் ஒன்று. புதுவிரிப்பு விரித்த கட்டிலுக்குப் பக்கத்தில், மூடி போட்டபடி, ஆவி பறக்க அது இருந்ததாம். மற்றதையெல்லாம் இன்றைக்குச் சிரித்துச் சொல்ல முடிகிறது. அந்த ஒரு தட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசும்.

மறுநாள் காலையில் முதலாளி, விடுமுறையால் திரும்பியிருந்த சைக்கிள்காரர், நான் என்று மூன்று பேரும் இல்லத்துக்குப் போனோம். சமையலறைப் பொறுப்பாளர் தடித்த உயரமான மனிதர், ஒரு வசனத்துக்கு நாலு சொல்லுக்கு மேல் செலவழிக்க மாட்டார். முந்தி காலியாக வந்த துண்டுகளை என்ன செய்தீர்கள் என்று சைக்கிள்காரர் கேட்டார்.

"காலியாக வந்ததே இல்லை."

"ஒருநாளும்?"

"ஒருநாளும் இல்லை." எழும்பிப் போய்ப் பழைய துண்டுகள் இருந்த இரண்டு பெட்டிகளையும் தூக்கி வந்து மேசையில் வைத்தார்.

கோப்பில் வெறும் எண்களாகப் பார்த்தவற்றை நான் அன்றைக்குத்தான் கடதாசியில் பார்த்தேன். பெரும்பாலான துண்டுகளில், இந்த நாட்டு வழக்கப்படி, கட்டத்துக்குள் ஒரு புள்ளடி, பிழைக்குப் போடுகிற பெருக்கல் குறி. நடுங்கிய புள்ளடி, அழுத்திய புள்ளடி, கட்டத்தைத் தாண்டி ஓடிய புள்ளடி. ஆனால் நாலில் ஒன்றில் புள்ளடி இல்லை. பள்ளிக்கூடத்து ரீச்சர் கொப்பியில் போடுவதுபோல் அழகாக வால் நீட்டிய ஒரு சரி. எல்லாம் ஒரே கை, ஒரே பச்சைப் பேனை. அந்தப் பேனை எங்கள் வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடப்பது.

கையில் இருந்த துண்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். இன்னொருவரின் துண்டில் அடையாளம் போட்டவரை இந்த நாட்டில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. மார்கழிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். அம்மா கொஞ்சமும் ஒளிக்கவில்லை.

"ஓம், நான்தான் போட்டனான். பின்ன, பட்டினியோ போடுறது?"

"நீங்கள் எப்பிடியம்மா அவையின்ரை துண்டிலை போடலாம்?"

"பன்னிரண்டாம் நம்பர் மனிசிக்குக் கண்ணாடி எங்கை வைச்சது எண்டே தெரியாது, அதுதான் போடுறேல்லை. மரக்கறி எண்டா சாப்பிடும். முப்பத்தோராம் நம்பருக்கு மகள் சூப் கொண்டாறவ, அதுக்கு இலேசானது போட்டாப் புடிங்கை மட்டும் எடுக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனவையின்ரை துண்டை நான் எடுத்து வைச்சிடுவன், எண்ணுறேல்லை."

"இதெல்லாம் உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லுறதோ? திரும்பி வாற தட்டைப் பாத்தாத் தெரியாதோ? நான்தானே கழுவுறனான்."

சரி, புள்ளடி போடாமல் ஏன் சரி போட்டீர்கள், அதையாவது அவர்களைப்போலச் செய்திருக்கலாமே என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாப்பாட்டுக்குப் பிழை போடுறதோ?"

மறுநாள் வேலைக்குப் போனதும் சைக்கிள்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த பென்சிலை நேராக்கினார். "அப்படியென்றால் அந்தத் தரவுத்தளத்தைவிட உன் அம்மாவுக்கு அதிகம் தெரியும்" என்றார். காலியை முழுத் தட்டாக்கியது உன் பிழை, காலியைக் காலியாகவே திருப்பி அனுப்பியிருந்தால் அது என் பிழையாக இருந்திருக்கும், அவர்கள் பட்டினி கிடந்திருப்பார்கள் என்றும் சொன்னார். பிறகு இரண்டு பேருமாக இருந்து காலிக் கட்டத்துக்கென்று புதிதாக ஒரு எண்ணைத் திருப்பி அனுப்ப வைத்தோம். ஒன்று இறைச்சி, இரண்டு மரக்கறி, மூன்று இலேசானது. ஒன்பது வந்தால் அச்சு இயந்திரம் தட்டின் பெயர் போடாமல் அறை இலக்கத்தைப் போட்டு, கீழே டொச்சில் 'தயவுசெய்து கேட்கவும்' என்று அடிக்கும். யாராவது அந்த அறைக்குப் போய்க் கேட்டு வர வேண்டும்.

அன்று பின்னேரம் அந்த அட்டையில் ஒன்றைச் சமையலறைப் பொறுப்பாளரிடம் காட்டினோம்.

"யார் போய்க் கேட்பது?" என்றார்.

பச்சைப் பேனை யாருடையது என்று சொன்னேன். அது என் அம்மா என்றும் சொன்னேன். அவர் பெட்டியைத் திறந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் நான் அம்மாவின் வேலையை மனதுக்குள் பத்துமுறை இழந்துவிட்டேன்.

"நாலு வருடம்" என்றார் கடைசியில். "ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை."

எழும்பினார். தை மாதத்திலிருந்து காலையில் அறைகளுக்குப் போய்க் கேட்கிற வேலையை அவவுக்கே கொடுக்கலாம், அவ விரும்பினால் ஒப்பந்தமும் நீடிக்கும், இப்போதே கேட்டுவிட்டு வருகிறேன் என்று தட்டுக் கழுவும் பக்கம் போனார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக வசனம் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"அவவுக்கு விருப்பமில்லையாம்."

வேறு யாரையாவது கிழமை முடிவுக்குள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். அம்மாவுக்கு விருப்பமில்லை என்பதை நானும் நம்பினேன். அம்மாவுக்கு டொச் கதைக்கக் கூச்சம். கடையில்கூட விரலால் காட்டித்தான் வாங்குவார். எழுபது பேரின் கதவைத் தட்டிக் கதைக்கிற வேலையை அவர் வேண்டாம் என்று சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இருக்கவில்லை. சொந்தத் தாயை அப்படிச் சட்டென்று நம்பிவிட்டேனே என்பது எனக்கு இன்றுவரை வெட்கம்.

வீட்டில் அம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிடப் பலமாக வெட்டினார்.

"உங்கடை அந்தாள் வந்து கேட்டவர்" என்றார்.

"வேண்டாம் எண்டு சொன்னியளாமே."

"பின்ன? கேட்ட உடனை ஓம் எண்டு பாயுறதோ? எப்ப தருவினம் எண்டு அலைஞ்சுகொண்டு நிண்ட மாதிரி?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"இன்னும் ரெண்டு தரம் கேப்பார் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார் அம்மா. "சத்தத்திலை கேளாமல் போடும் எண்டு மெசினையும் நிப்பாட்டிப்போட்டு நிண்டனான். அந்தாள் 'நல்லது' எண்டு சொல்லிப்போட்டுப் போட்டுது."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, ஓடாத இயந்திரத்துக்குப் பக்கத்தில், இரண்டாம் முறைக்காக அம்மா காத்து நின்றதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா, இவையள் ஒருக்காத்தான் கேப்பினம்."

"ஒருக்காவோ?"

"ஒருக்காத்தான். வேண்டாம் எண்டா வேண்டாம்தான். பதினாறு வருசமா இந்த நாட்டிலை இருக்கிறியள், இது தெரியாதோ?"

அம்மா கத்தியை வைத்தார். "பதினாறு வருசத்திலை" என்றார், "என்னட்டை ஆர் வந்து என்ன கேட்டவை?"

நான் போய்ச் சொல்கிறேன், விளங்கப்படுத்துகிறேன் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றார். இந்த வேண்டாம் உண்மையான வேண்டாம் என்பது முகத்தைப் பார்க்கவே தெரிந்தது. சாப்பிட்டு முடிந்த பிறகு, 'நேற்று நீங்கள் கேட்டீர்கள், இன்னொருமுறை கேட்பீர்களா' என்பதை டொச்சில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். சட்டி கழுவும்போது அதைச் செபம்போல முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரு சொல் தவறிப்போனது.

காலையில் நான் எழும்ப முன்பே அம்மா போய்விட்டார். வேலைக்குப் போய்ப் பையைத் திறந்தபோது, மாதிரிக்கு அடித்து வைத்திருந்த அட்டையைக் காணவில்லை. சைக்கிள்காரரிடம் விட்டேனோ என்று தேடிக் களைத்துப்போனேன்.

பன்னிரண்டு மணிக்கு அம்மாவின் கைத்தொலைபேசியிலிருந்து அழைப்பு வந்தது. பின்னால் தட்டுகள் முட்டிக்கொள்ளும் சத்தம்.

"பிள்ளை, அந்தாளின்ரை அறைக்குப் போனனான். நீ சொல்லித் தந்தது ஒரு சொல்லும் வரேல்லை. எல்லாம் மறந்துபோச்சு."

"பேந்து?"

"உன்ரை அட்டையை எடுத்துக்கொண்டு வந்தனான். அதை மேசையிலை, அவருக்கு முன்னாலை வைச்சிட்டு நிண்டனான்."

'தயவுசெய்து கேட்கவும்.' அந்த அட்டையை அவர் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். பிறகு அம்மாவைப் பார்த்திருப்பார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன்.

"கேட்டவரோ அம்மா?"

"கேட்டவர்" என்றார் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, பெரிய குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னார்:

"ரெண்டாம் தரமே ஓம் எண்டு சொல்லிப்போட்டன் பிள்ளை. என்னைப் பற்றி என்ன நினைச்சிருப்பாரோ தெரியாது."